மூளி மண்டபம்

சித்திரை வெயிலிலும் அந்த வடக்குச் சுவர் கன்னத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும். உற்றுப் பார்த்தால் காங்கிரீட்டின் மேல் மரப்பலகையின் ரேகைகள், கணுக்கள்கூட, அப்படியே பதிந்திருக்கும். குமாரபாளையம் போகிற வழியில் உள்ள எங்கள் நெசவூரின் பொது மண்டபம் அது. பூச்சும் வர்ணமும் இல்லாமல் வெறும் சாம்பல் நிறத்தில் நின்றதால், கம்மல் கழற்றிய காதைச் சொல்வதுபோல ஊர் அதை "மூளி மண்டபம்" என்றது.

"கஞ்சி போடாத பாவு நூலும் பூசாத செவுரும் ஒண்ணு" என்பார் அப்பா. பூச்சுக்கு வந்த சிமெண்டு எங்கே போனது என்பதிலும் ஊருக்குச் சந்தேகமில்லை: பலகை அடித்துக் காங்கிரீட் வார்த்த மேஸ்திரி எங்கள் தெருக்காரர், அவர் வீட்டுச் சுவர் மட்டும் வழுவழுவென்று பூசியிருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் அவர் சைக்கிளுக்குப் பின்னால் "பூச்சு எங்கீங்க மேஸ்திரி?" என்று, மரியாதை குறையாமல், கத்திக்கொண்டே ஓடுவோம். ஒருநாள் அவர் இறங்கி நின்று என்னிடம் சொன்னார்:

"அது பூசாம உடறதுக்குன்னே வார்த்தது சாமி. ஒவ்வொரு பலகையா எழச்சு, பாத்துப் பாத்து அடிச்சேன்."

வீட்டில் சொன்னேன்; எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் நான்தான் முதலில் கத்தினேன்.

பெரியவனாகி ஊர் வரலாறு எழுதியபோது, கோயில் குடமுழுக்கிலிருந்து மின்தறி வந்த நாள் வரை, இரண்டு சான்றில்லாமல் ஒரு தேதியும் எழுதவில்லை. மண்டபத்துக்கு மட்டும் சான்று தேடாமல், பூச்சு வேலை முடியாமலே திறக்கப்பட்டது என்று, பிறந்ததிலிருந்து தெரிந்த செய்தியாக எழுதிவிட்டேன்.

கூரை ஒழுகிப் பூட்டிக் கிடந்த மண்டபத்தை இடிக்க நாள் பார்த்தபோது அந்த வரிதான் அதைக் காப்பாற்றியது. குறைவேலையை முடித்தால் கட்டடம் நிற்கும் என்று என் புத்தகத்தைக் காட்டி வாதாடியவர்கள், வென்றதும் எனக்குச் சால்வை போட்டார்கள். சாரம் கட்டிய வாரத்தில், ஓய்வு பெற்ற பஞ்சாயத்து எழுத்தர் ஒருவரின் பெட்டியிலிருந்து மண்டபத்தின் பழைய வரைபடம் என் கைக்கு வந்தது; வெளிச்சுவர்களுக்குப் பூச்சு கூடாது என்று அதன் ஓரத்தில் தெளிவாக எழுதியிருந்தது. மேஸ்திரி இறந்து வெகுகாலமாகியிருந்தது. சுவரில் இன்னும் கரண்டி படவில்லை, ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சால்வை போட்டவர்கள் முன்னால் என் புத்தகம் தவறு என்று சொல்ல வாய் வராமல் ஒரு நாள் தள்ளினேன், இன்னொரு நாளும் தள்ளினேன். மூன்றாம் நாள் வடக்குச் சுவரைப் பூசி முடித்திருந்தார்கள்.

இன்று மண்டபம் இளமஞ்சளில் இருக்கிறது. முகூர்த்த நாட்களில் இடம் கிடைப்பதில்லை. மூளி என்ற பெயர்கூட இளையவர்களுக்குத் தெரியாது. போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்தில் மேஸ்திரியின் மகள் என்னைத் தேடி வந்து கும்பிட்டார்.

"எங்கப்பா உட்ட கொறைய நீங்கதானுங்க தீத்து வெச்சீங்க. இப்பத்தான் தல நிமுந்து இந்தப் பக்கம் வாரேன்."

"ஆமாங்க" என்றேன்.