மஸ்கட்டுக்கு வாசித்த கிட்டார்

என் மனைவி மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பியபோது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறைந்திருக்கவில்லை. மேடவாக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு எழும்பி நின்றன. பூச்சு வேலைக்குக் கையில் எதுவும் இல்லை. “ரெண்டே வருஷம். வீட்ட முடிச்சிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இப்போதைய மேடவாக்கத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நிற்பவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் தெரு என்பது கல் நட்ட மனைகளும் சீமைக்கருவேலமும்தான். அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரே ஒரு வீடு இருந்தது. அதன் சொந்தக்காரர் டில்லியில் வேலையாக இருந்ததால் எப்போதும் பூட்டியே கிடந்தது.

எனக்குக் குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. சாயங்காலம் ரயிலில் தாம்பரம் வந்து, கிழக்குப் பக்கம் இறங்கி, பஸ் பிடித்து வீடு சேர்வேன். ஒரு டம்ளர் அரிசி வைத்தால் எனக்கு இரண்டு வேளைக்கு வரும். “சாவிய எங்க வெச்சேன்?” என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அப்போதுதான் வந்தது. பூசாத செங்கல் சுவரில் என் குரல் முட்டித் திரும்பும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திடுக்கென்றிருக்கும்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் கூட்டுரோடு பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் செய்வாள். பூத்தை நடத்தியது ஓர் அக்கா. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். கணவர் காலையில் மொபெட்டில் மீன் கூடை கட்டிக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் விற்பார். அக்கா வீட்டு வாசலிலேயே பலகைத் தடுப்பு போட்டுப் போன் வைத்திருந்தார். வெளியிலிருந்து வரும் போனுக்கு ஏதோ பேருக்குத்தான் காசு வாங்குவார். நான் சீக்கிரமே போய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள். “இந்த மாசம் அனுப்பினதுல உங்களுக்குன்னு ஏதாவது வாங்கிக்கோங்க. வீட்டுக்கில்ல. உங்களுக்கு.”

“எனக்கு என்ன வேணும்?”

“அதையும் நானே சொல்லணுமா? ஒரு நல்ல வாட்ச் வாங்கிக்கோங்க.”

மறுநாள் அரைநாள் வேலை முடிந்ததும் மவுண்ட் ரோடுக்குப் போனேன். வாட்ச் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு இசைக்கருவிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் எலெக்ட்ரிக் கிட்டார்கள் வரிசையாக நின்றன. கல்லூரியில் படிக்கும்போது தாம்பரத்தில் எங்கே மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும் பாடுகிறவர் பக்கம் நிற்க மாட்டேன். மேடையின் ஓரத்தில் கிட்டார்காரர் உட்கார்ந்திருப்பாரே, அந்தப் பக்கம் போய் நிற்பேன். அவர் பாட்டுக்குத் தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டிருப்பார். ஜனங்கள் யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வாங்க வேண்டும் என்று அந்த வயதில் தோன்றியதே இல்லை. அதெல்லாம் வேறு யாரோ வாங்குகிற சாமான்.

கடைக்குள் போய் விலை கேட்டேன். இருப்பதிலேயே மலிவானதும் என்னால் முடியாத விலை. என் முகத்தைப் பார்த்தே கடைக்காரர் கண்டுபிடித்திருக்க வேண்டும். “செகண்ட் ஹேண்ட்னா பரவால்லையா சார்? எங்க இருக்கீங்க?” என்றார். தாம்பரம் பக்கம் என்றேன். “மாடம்பாக்கத்துல ஒரு பையன் வெச்சிருக்கான். லைட் மியூசிக்ல வாசிக்கறவன். புதுசு எடுத்துட்டான், பழச குடுக்கணும்னான். சிவன் கோயிலாண்ட போய் கிட்டார்காரன் வீடுன்னு கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து அப்படியே மாடம்பாக்கம் போனேன். கோயில் மதிலை ஒட்டிய சந்தில் ஓட்டு வீடு. அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பிடரியில் புரளும் முடி, லுங்கி, தூங்கி எழுந்த முகம். முந்தின நாள் எங்கோ கல்யாணக் கச்சேரி. கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை இழுத்துத் துடைத்து என் மடியில் வைத்தான். சிவப்பு நிறம். ஓரங்களில் பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

“யாருக்கு சார்? பையனுக்கா?”

“எனக்குத்தான்.”

“வாசிப்பீங்களா?”

“இல்ல.”

அவன் துடைத்த துணியை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. “வீட்ல தனியா இருக்கேன் தம்பி” என்றேன். அதுவரை ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கம்பெனியில் யார் கேட்டாலும், ‘பழகிப்போச்சு’ என்றுதான் சொல்லுவேன். அவன் உள்ளே திரும்பி, “மா, இன்னொரு காபி” என்றான்.

“சார், இது கல்கத்தா மேக்கு. ஜப்பான்னு சொல்லி உங்ககிட்ட வித்துடலாம், எனக்கு மனசு வராது. இந்தத் திருகு கரகரங்கும். மெதுவா திருப்புனா ஒண்ணும் ஆவாது. ஆம்ப்ளிஃபயர் இருக்கா?”

“அது இல்லாம சத்தம் வராதா?”

“வரும். உங்களுக்கு மட்டும் கேக்கும்” என்று சிரித்தான். பிறகு, “வூட்ல டூ-இன்-ஒன் இருக்குதா? மைக் சொருகற ஓட்டை இருந்தா போதும். ஒரு பின் தரேன், அதுல மாட்டி சொருகுங்க. கச்சேரிக்கா போறீங்க, அது போதும்” என்றான்.

முதல் சம்பளத்தில் வாங்கி, ஊருக்கு வந்த யாரிடமோ மனைவி கொடுத்தனுப்பிய, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் வீட்டில் இருந்தது. ஒரு வாட்ச்சுக்கு என்று நினைத்து வைத்திருந்ததில் கிட்டார் முடிந்துவிட்டது. சுதி சேர்ப்பது எப்படி என்று காட்டினான். ‘கார்டு’ என்று மூன்று விரல்பிடிகளை என் விரலைப் பிடித்துப் பிடித்து வைத்துக் காட்டினான். “விரல் எரியும் அண்ணா. விட்டுடாதீங்க” என்றான். வந்தபோது சாராக இருந்த நான், காபி குடித்து முடிப்பதற்குள் அண்ணனாகியிருந்தேன். பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் கண்டக்டர், “இன்னா சார், வீணையா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கிட்டார் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

விரல் எரிந்தது. கம்பெனியில் சரக்குச் சீட்டைப் புரட்டும்போது இடது கை விரல் நுனிகள் தனியாகத் தெரியும். யாருக்கும் காட்டாமல் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். கரண்ட் இருந்தால் டூ-இன்-ஒன்னில் சொருகி வாசிப்பேன். கரண்ட் போனால் கிட்டார் உடம்பில் காதை வைத்துக்கொண்டு வாசிப்பேன். கம்பியின் அதிர்வு தாடை எலும்பில் ஏறும். வெளியே மழைக்காலத் தவளைகள் கத்தும். தனியாக இருக்கிறேன் என்பது அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் தனியாக இருப்பதற்கு ஒரு வேலை கிடைத்தது.

எங்கள் கல்யாணத்தில் சர்ச் பாடகர் குழு பாடிய பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதன் முதல் அடி வருவதற்கே மாதக் கணக்கானது. அவளிடம் அதுவரை சொல்லவில்லை. வாட்ச் வாங்கினீர்களா என்று கேட்கும்போதெல்லாம், “பாத்துக்கிட்டிருக்கேன்” என்பேன். பாட்டு ஓரளவுக்கு வந்த பிறகு சொன்னேன்.

“கிட்டாரா?” என்றாள். “நீங்களா?”

“ஆமா.”

“அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. எனக்குக் கேக்கணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தோளில் கிட்டாரும் மறு கையில் டூ-இன்-ஒன்னுமாகப் பூத்துக்குப் போனேன். அக்கா எழுந்தே விட்டார். “இன்னா சார் இது, கச்சேரியா? இன்னாத்துக்கு இதெல்லாம் தூக்கினு வந்துகீறீங்க?”

“வீட்டம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்க்கா. ஒரு பிளக் பாயின்ட் வேணும்.”

அக்கா டேபிள் ஃபேனைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைக் காட்டினார். போன் அடித்தது. அவள் பேசுவது நர்ஸுகளின் ஹாஸ்டல் வராந்தாவில் இருந்த போனிலிருந்து. டெலிபோன் கார்டு போட்டுப் பேச வேண்டும். “எல்லாரும் பின்னால நிக்கறாங்க, சீக்கிரம் வாசிங்க” என்றாள். ரிசீவரை டூ-இன்-ஒன்னின் ஸ்பீக்கரை ஒட்டி ஸ்டூலில் சாய்த்து வைத்தேன். அதற்குப் பிறகு அவள் குரல் எனக்குக் கேட்க வழியில்லை. அதை நான் முன்பே யோசித்திருக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் தப்பு. நிறுத்தாமல் போனேன். கடைசி அடியைத் திருப்பி ஒரு தடவை வாசித்தேன். அவள் சிரித்துக்கொண்டிருப்பாள், இல்லை, அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தபடி இன்னொரு தடவையும் முதலிலிருந்து எடுத்தேன். அக்கா மெல்ல என் தோளைத் தொட்டார்.

“சார். லைன் கட்டாயி நேரமாவுது. கொய்ங்னு சத்தம் வருது பாரு.”

பாட்டின் எந்த இடத்தில் கட்டானது என்று அவருக்கும் தெரியவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். வைத்துவிட்டேன். “இரு சார், திரும்பப் போடும்” என்றார். அவர் ஃபேனைத் திரும்ப மாட்டவில்லை. பூத்தை மூடும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. “கார்டு தீந்துபோச்சுங்க. எல்லாரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் காதுல வெச்சுக் கேட்டோம். கொல்லத்துப் பொண்ணு ஒருத்தி கேட்டுட்டுப் பேசாம ரூமுக்குப் போயிட்டா.”

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. தகரத்துல மழ பெய்யற மாதிரி இருந்துச்சு. என்ன பாட்டு அது?”

நான் சொன்னேன். அவள், “அய்யோ, அதுவா?” என்றாள். பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாத லீவில் வந்தாள். வீட்டுக்கு உள்பூச்சு முடிந்திருந்தது. வந்த மறுநாளே, “எங்க, வாசிங்க பாப்போம்” என்று கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். எத்தனையோ சாயங்காலம் தடங்கலில்லாமல் வந்த பாட்டு அவள் முன்னால் வரவே இல்லை. விரல்கள் வேறு யாருடையதோ போலிருந்தன. எப்படியோ முடித்தேன். அவள் மடித்த துணியை மடியிலேயே வைத்திருந்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள். பிறகு, “எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க.”

“ஏன்?”

“நான் இல்லாதப்ப நீங்க இங்க எப்பிடி இருந்தீங்கன்னு தெரியுது.”

கிட்டாரைப் பெட்ஷீட்டில் சுற்றிப் பீரோ மேல் வைத்துவிட்டேன். அந்த மாதம் விருந்து, சொந்தக்காரர் வீடு, சர்ச் என்று ஓடியது. அவள் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், அவளாகவே அதை இறக்கித் தரச் சொன்னாள். “எனக்கும் ஒண்ணு சொல்லிக் குடுங்க.”

மருந்துத் தண்ணீரில் ஓயாமல் கழுவிக் கழுவி அவள் விரல்கள் வெடித்திருந்தன. கம்பியை அழுத்தியதும் கையை உதறினாள். அதனால் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, நான் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலே குனிந்து இடது கையால் கம்பிகளை அழுத்திப் பிடித்தேன். அவள் வலது கையால் மீட்டினாள். முதலில் தடுமாற்றம். பிறகு நான் மாற்றும் நேரத்தை என் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். பாட்டின் முதல் அடி, மெதுவாக, சரியாகவே வந்தது.

அவள் திரும்பாமலே சொன்னாள். “இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேங்க. மாடி போடணும்னா இதுவரைக்கும் சேத்தது பத்தாதுன்னு தோணிச்சு. போன்ல சொல்ல முடியல.”

என் விரல்கள் அழுத்தினபடியே இருந்தன. அவள் காத்திருந்துவிட்டு, இன்னொரு தடவை மீட்டினாள். நான் அடுத்த பிடிக்கு மாறினேன்.

அந்த இரண்டாவது இரண்டு வருஷம் முதலாவதைவிட நீளமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடம்பாக்கம் போய் அந்தப் பையனிடம் உட்கார்ந்துவிட்டு வருவேன். கச்சேரி இருந்தால் அவன் இருக்க மாட்டான். அவன் அம்மா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். பூத்துக்குக் கிட்டாரை மறுபடி எடுத்துப் போகவில்லை, அவளும் கேட்கவில்லை. பூத் அக்காதான் எப்போதாவது, “இன்னா சார், பாட்டுப் பொட்டிய காணோம்?” என்பார்.

பிறகு அவள் ஒரேயடியாக வந்துவிட்டாள். மாடி வந்தது. மகள் பிறந்தாள். டில்லிக்காரர் வீட்டுக்குக் குடித்தனம் வந்தது, எதிர் மனைகளில் வீடு எழும்பியது. எங்கள் வீட்டில் மிக்ஸி, குழந்தை அழுகை, தண்ணீர் மோட்டார் என்று எப்போதும் ஏதோ ஒரு சத்தம். கிட்டாரை எடுக்க வேண்டும் என்று மாதக் கணக்கில் தோன்றவே தோன்றாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள். “இப்பல்லாம் ஏன் வாசிக்கறதில்ல?”

“நேரம் எங்க இருக்கு?”

அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். “அப்பா வாசிக்கப் போறாங்க, நாம இங்க இருக்கலாம்” என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பட்டாணி உரித்தபடி ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை மூன்றுக்குப் பிறகு ஏழு என்றது. அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் சுதிகூடச் சேர்க்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.