பால் சேர்க்காத கேக்

என் சிநேகிதிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. டீயில் இரண்டு ஸ்பூன் விட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது. மோர்கூடப் பரவாயில்லை. ஆனால் ஒரு டம்ளர் பால் பாயசமோ, கையளவு பால்கோவாவோ உள்ளே போனால் போதும், வயிறு உப்பிக்கொண்டு இரைய ஆரம்பித்துவிடும். அப்புறம் அரை நாள் கொல்லைப்பக்கம்தான். இப்போது டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு அது வெறும் ‘ஒத்துக்காது’.

எங்கள் கடற்கரை ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். மெஷினிலிருந்து சூடாக விழும் மூடிகளின் ஓரத்தை பிளேடால் சீவ வேண்டும். அவள் குருசுக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். என் அப்பா மில் தொழிலாளி. பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சீவியே சிநேகிதம் ஆனோம்.

கம்பெனியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வரும். அவள் பங்கு என் டிபன் பாக்ஸுக்குள் போய்விடும். “நாம குடுத்தா துன்ன மாட்டாளா? ராங்கி” என்று மற்றப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். சூப்பர்வைசர் நிற்கிற இடத்தில் வயிற்றுக் கதையை எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்துவிடுவாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மட்டும் சொன்னாள்: “ஒரே ஒரு வாட்டி, பயப்படாம வயிறு ரொம்பக் கேக் துன்னு பாக்கணும்டி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் பிறந்தநாளுக்கு நானே கேக் செய்வதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதுவரை நான் கேக் செய்து பார்த்ததே கிடையாது.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு கேக் செய்கிற ஒரு அக்கா இருந்தார். அவரிடம் அளவு கேட்டேன். மைதா, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், பால் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாலும் வெண்ணெயும் கூடாது என்றேன்.

“அப்பறம் அது என்னா கேக்கு?” என்று சிரித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வெண்ணெய்க்குப் பதிலா வனஸ்பதி போடு. பாலுக்குத் தேங்காப்பால் ஊத்திப் பாரு. நானும் செஞ்சதில்ல, ஆனாத் தெரிஞ்சிக்கலாம்” என்றார்.

முதல் தடவை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், அலுமினியக் குண்டானில் மணலைப் போட்டுச் சுட்டேன். அடி கருகிப் போனது, நடுவே கூழ். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் குண்டானைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனாள்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் காலை அவளுக்கு நர்ஸ் படிப்புக்கான இன்டர்வியூ. போன வருஷமும் இதே இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல்நாள் கல்யாண வீட்டுப் பாயசத்தை மறுக்க முடியாமல் குடித்துவிட்டு, காலையில் இன்டர்வியூவுக்கே போக முடியாமல் ஆயிற்று. அதனால் இந்தத் தடவை நான் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன். மாவைக் கலந்து, தட்டில் ஊற்றி, ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோனேன். ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிஞ்சுகிற சூட்டில் கேக் வைத்துத் தருவதாகக் கடைக்கார அண்ணன் ஒத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குப் போனபோது கேக் நன்றாக எழும்பியிருந்தது. பார்த்ததும் எனக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. மேலே மட்டும் ஈரமாகப் பளபளத்தது.

“கொஞ்சம் காஞ்சாப்ல இருந்திச்சி. அதான் சூட்டோட சக்கரைப் பால் ஊத்தினேன். காத்தோன்னா மெத்துனு இருக்கணும் பாப்பா” என்றார் அண்ணன். கேக்குக்கு அவர் பிரெஞ்சுப் பெயர்தான் சொல்வார்.

விஷயத்தைச் சொன்னேன். “ஐயையோ, தெரியாமப் பூட்டுதே!” என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ரொட்டி அறுக்கிற நீளக் கத்தியை எடுத்து, கேக்கின் மேல்பாகத்தை அப்படியே படுக்கையாக அறுத்து எடுத்தார். பால் ஒரு விரல்கடைதான் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் சீவினார். மொட்டை அடித்த மாதிரி இருந்த மிச்சத்தைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் போனேன்.

அவள் வீட்டில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். “நாளைக்குச் சாப்புடுடி. இன்டர்வியூ முடியட்டும்” என்று கெஞ்சினேன்.

“பொறந்தநாளு இன்னிக்கிதான? நாளைக்கித் துன்னா அது வெறும் ரொட்டி” என்றாள். ஒரு துண்டு தின்றாள். சற்று நேரம் வாசலில் நின்றாள். திரும்பி வந்து இரண்டாவது துண்டை எடுத்தாள். அவள் அம்மா ஓமத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டப் போய்விட்டார். மூன்றாவது துண்டைத் தின்றுவிட்டு விரலை நக்கினாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மறுநாள் முழுவதும் மூடிகளைக் கோணலாகச் சீவினேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு இன்டர்வியூ நடக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்டர்வியூ முடிந்து பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவளைக் காணவில்லை. குருசுக்குப்பத்துப் பெண் வந்தாளா என்று ஒருத்தியைக் கேட்டேன். “தெர்லியே” என்றாள். கூட்டம் கலைந்துவிட்டது. வாட்ச்மேன் கதவைச் சாத்தப் போனார். போன வருஷம் பாயசம், இந்த வருஷம் என் கேக்.

அப்போதுதான் உள்ளே வராந்தாவில் அவள் பச்சைப் புடவை தெரிந்தது. கையில் சர்டிபிகேட்டுகளோடு ஆடி அசைந்து வந்தாள்.

“வயிறு?” என்றேன்.

“என்னா வயிறு?” என்றாள். பிறகு ஞாபகம் வந்து சிரித்தாள். “ஒண்ணும் ஆவல. ராத்திரி நல்லாத் தூங்கிட்டேன். ஒயரம் அளக்கறதுக்கு என்னைக் கடைசியாக் கூப்ட்டாங்க, அதான் லேட்டு. நீ ஏன்டி பேய் அறஞ்சாப்ல நிக்கற?”

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதிக்கு மேல் என் காதில் ஏறவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள் என்பது மட்டும்தான் ஏறியது.

அந்த வருஷமே அவளுக்கு இடம் கிடைத்தது. கம்பெனியை விட்டுப் போனாள். ஆனால் எனக்கு அதைவிட அந்தத் திங்கட்கிழமைதான் நினைவில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து, காலையிலிருந்து தொடாத சோற்றைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். வெயில் தாழ்வதற்குள் படுத்துவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கக் கூடாது என்று அம்மா எழுப்பிப் பார்த்தாளாம். நான் அசையவே இல்லையாம்.