ஸ்டெல்லா சிரிக்கவில்லை

போன வாரம் என் கணவர் என்னோடு போட்ட சண்டை, இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் புதுசு.

நான் கொல்லிமலை பஸ்ஸில் இருந்தேன். 'புளிச்ச மாவு அரை டப்பா இருக்கு, என்ன பண்ண?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். 'தூக்கிப் போட்டுடுங்க' என்று தட்டினேன். அதற்குள் வளைவுகள் ஆரம்பித்து சிக்னல் செத்துவிட்டது. மலைமேல் செம்மேட்டில் இறங்கும்போதுதான் என் பதில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் மனிதர் இன்னொரு கேள்வி அனுப்பியிருந்தார் – 'அம்மா ஒரு மாசம் நம்மூட்டுல இருக்கட்டுமா?'

அதற்குக் கீழே என் பதில்!

"ஏம்மா... எங்கம்மாவத் தூக்கிப் போடச் சொல்றியா?" என்று போனில் கத்தினார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பாதியில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஐயோ... ஸ்டெல்லா!

ஸ்டெல்லா யார் என்று சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் நான் காலேஜ் படித்தபோது, அவள் நர்ஸ் பயிற்சியில் இருந்தாள். ஒரே லேடீஸ் ஹாஸ்டல், ஒரே அறை, ஒரே சோப்பு டப்பா. இப்போது கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற ஊர்த்தொகுப்பில் கிராம சுகாதார செவிலியர். அந்த ஹாஸ்டல் தோழிகள் இருபத்து மூன்று பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பேரன் படம், முட்டி வலி, உப்புமா ஜோக் – இவ்வளவுதான் அங்கே ஓடும்.

அதில் ஒருத்தி ஒருநாள் உய்குர் மக்களைப் பற்றி ஒரு செய்தி போட்டாள். சீனாவின் மேற்குக் கோடியில் வாழும் முஸ்லிம் மக்கள். கூட்டம் கூட்டமாகப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள் என்கிறார்கள் அங்கிருந்து வெளியேறியவர்கள். அதெல்லாம் தொழிற்பயிற்சி மையங்கள் என்கிறது அந்த நாட்டு அரசு. அவ்வளவுதான்... குழு இரண்டாகப் பிளந்தது. நான் ஒரு பக்கம். ஸ்டெல்லா எதிர்ப்பக்கம்.

அவள் நம்ப மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சில வருஷம் முன்பு டிவிக்காரர்கள் சிலர் அவள் வேலை பார்க்கும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். காலையில் மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு விவசாயியைப் படம் எடுத்தார்கள். அவர் ஓடிப்போய் நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வந்தாராம். கழற்றச் சொல்லிவிட்டார்கள்! அன்று ராத்திரி டிவியில் – 'சோற்றுக்கு வழியில்லாமல் கிழங்கு தின்னும் மலைமக்கள்'. வீட்டில் மூட்டை மூட்டையாக மிளகு வைத்திருந்தவர் அவர்.

"இங்கிருக்கற கொல்லிமலையவே இப்படிக் காட்டறவனுங்க, சீனாவ எப்படிக் காட்டுவானுங்க?" என்று குரல் பதிவு போட்டாள் ஸ்டெல்லா.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கேமராக்காரன் பொய் சொன்னால், உலகத்தில் அழுகிற எல்லோரும் பொய்யா? அந்த விவசாயி வீட்டுக்கு நாளைக்கே யார் வேண்டுமானாலும் போய், மூட்டையைத் தொட்டுப் பார்க்கலாம். அந்த முகாம்களுக்குள் அப்படி நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியுமா? பார்க்க விடாதவர் மேல் சந்தேகம் வர வேண்டாமா? இப்படி நான். பதினொரு மாதம் ஓடியது இந்த வழக்கு.

ஒருநாள் மதியம் ஒரு வீடியோ போட்டேன். வெளிநாட்டில் இருக்கும் ஓர் உய்குர் பெண். தான் போன் செய்தால் அம்மாவுக்கு ஆபத்து வரும் என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். அம்மா குரலைக் கேட்டுப் பல வருஷம் ஆயிற்றாம். அதற்குக் கீழே அடுத்த நிமிஷம் ஸ்டெல்லாவிடமிருந்து வந்து விழுந்தன – கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், வரிசையாக ஐந்து.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. 'அம்மாவுக்காக அழறவளப் பாத்துச் சிரிக்கற நீயெல்லாம் நர்ஸா?' என்று எழுதினேன். எல்லோரும் பார்க்க.

சாயங்காலம் அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு மாதம் பேச்சில்லை. எனக்கு வீம்பு. ஆனால் ஒரு நாள்கூட அவளை நினைக்காமல் போகவில்லை. அவளுடைய 'ஏண்டி கிறுக்கி'யைக் கேட்காமல் காது காய்ந்துவிட்டது. இரண்டு முறை வெட்கத்தை விட்டுப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். செம்மேட்டில் ஒரு பள்ளி விழாவுக்குப் பேசக் கூப்பிட்டபோது உடனே ஒப்புக்கொண்டது, நிச்சயமாக என் பேச்சுத் திறமையைக் காட்டுவதற்கு அல்ல.

அப்படி வந்து இறங்கித்தான் அந்த பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மாவுப் பதில் மாமியார் தலையில் விழுந்தது போல... அவள் சிரிப்பும் வேறு எதற்கோ அனுப்பியதாக இருந்தால்?

விழா முடிந்ததும் அவள் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். குழந்தைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். "உக்காரு. இன்னும் நாலு கொழந்த இருக்கு" என்றாள். அவ்வளவுதான். வரிசையில் நின்ற ஓர் அம்மா, "உக்காருங்க சாமி" என்று பெஞ்சில் இடம் விட்டார்.

நாலாவது குழந்தையும் போன பிறகு கேட்டேன். "அன்னிக்கு நீ எதுக்குடி சிரிச்சே?"

"நம்ம சரோஜா மொதநாள் போட்ட உப்புமா ஜோக்குக்கு. காலைல ஊட்டுல தட்டுனது. எங்கூட்டுல சிக்னல் இருக்குதா? மேட்டுக்குப் போனதும் மொத்தமாப் போச்சு. உன்ற வீடியோவ நான் அப்பறந்தான் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டயா? திட்டுனே. இதே கேள்விய அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஃபார்வர்டு செய்யும் முன் சரிபாருங்கள் என்று பத்திரிகையின் இதே பக்கத்தில் உங்களுக்கு எத்தனை முறை உபதேசம் செய்திருப்பேன்! முப்பது வருஷத் தோழியை மட்டும் ஐந்து மஞ்சள் முகங்களை நம்பித் தூக்கில் போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அழுதும்விட்டேன். "ஏண்டி கிறுக்கி, இங்க வந்து அழுகறே... கொழந்தைங்கதான் அழோணும்" என்றாள். எனக்கு அது போதும்.

மன்னித்தாளே தவிர, கட்சி மாறவில்லை. "டிவிக்காரன நான் இப்பவும் நம்பமாட்டேன்" என்றாள், பஸ் ஏற்றிவிட வரும்போது. "நம்பாதே, ஆனா அந்த அரசாங்கம் சொல்றத மட்டும் எதுக்கு நம்பறே?" என்றேன்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீடியோவ மேட்டுல நின்னு நாலஞ்சு தடவ பாத்தேன்டி. அந்தப் புள்ளயோட அம்மா உசுரோட இருக்கறாங்களா?"

"தெரியலடி."

பதினொரு மாத வழக்கில், எங்கள் இருபத்து மூன்று பேரில் ஒருத்திகூட கேட்காத கேள்வி அது.