நாலும் எட்டும்

அப்பா செத்தபின் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை வீட்டில் பாட்டுப் போடக்கூடாது. எங்கள் ஊர் தோட்டவெளியில் அதுதான் வழக்கம். வேறெதுவும் காதில் விழாத பெரியம்மாவுக்கு, என் ஃபோனில் ஒரு மேளச் சத்தம் வந்தால் மட்டும் உடனே கேட்டுவிடும். அதனால் அந்த மாதம் முழுவதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பாட்டில்லாமலே சல்சா நடனம் பழகினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து, ஆறு, ஏழு. நாலிலும் எட்டிலும் கால் வைக்கக்கூடாது. அழுகை வரவில்லை. எண்ண மட்டும் முடிந்தது.

பூசை முடிந்த சனிக்கிழமை மன்னார் டவுனில் நடக்கும் சல்சா வகுப்புக்கு மறுபடியும் போனேன். கனடாவிலிருந்து திரும்பிவந்த ஓர் அக்கா டியூஷன் நடக்கும் டியூட்டரி ஒன்றின் மாடியில் எங்கள் ஏழு பேருக்கும் பழக்கினார். அன்று என் கால்கள் ஒரு பிழையும் விடவில்லை. சந்தோஷப்பட்டிருக்கலாம், ஒன்றும் தோன்றவில்லை.

“இனி எண்ணாதேங்கோ. கண்ணை மூடிக்கொண்டு மேளத்தை மட்டும் கேட்டு ஆடுங்கோ,” என்றார் அக்கா.

கண்ணை மூடி ஆடினேன். கொஞ்ச நேரத்தில் தோளில் அக்காவின் கை விழுந்தது. கண்ணைத் திறந்தால், மற்ற ஆறு பேரும் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாட்டு முடிஞ்சு கனநேரம், தங்கச்சி. எதைக் கேட்டு ஆடுறீர்?”

பதில் சொல்லுமுன் எண்ணி முடிக்க வேண்டியிருந்தது. ஐந்து, ஆறு, ஏழு.

எட்டில் நின்றேன். அந்த மாடி எங்கள் வீட்டைப் போலவே அமைதியாக இருந்தது.