ஐரிஸ் அம்மாவின் முகத்துக்குப் போட்ட ஃபில்டர்

1. யார் அது?

ரிஹர்சலுக்கு மேடையேறிய ஐரிஸ் கார்வெல், திரும்பி, சுவர் அளவு எல்.இ.டி. திரையில் தன் முகத்தைப் பார்த்தார். "யார் அது?" என்று கேட்டார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. திரையில் இருந்த முகத்துக்கோ வயதே இல்லை. ஒரு கோடு கிடையாது, மெழுகில் வார்த்ததுபோல வழவழவென்று இருந்தது.

கிளையன்ட் கேட்டு நான் போட்ட ஃபில்டர் அது. துபாயில் விழாக்களுக்கு விஷன் மிக்ஸர் ஆபரேட்டராக இருக்கிறேன். நான்கைந்து கேமராக்களில் எந்தப் படம் பெரிய திரைக்குப் போக வேண்டுமோ அதற்குப் பட்டன் அழுத்துவது என் வேலை. தூத்துக்குடியிலிருந்து வந்து, அல் குசைஸில் குடியிருந்துகொண்டு, இந்த மேசையிலேயே தலை நரைத்துவிட்டது. எத்தனையோ விழா பார்த்தாயிற்று. இந்த ஒன்றை நினைத்தால்தான் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

விழா ஒரு சென்ட் கம்பெனியுடையது. 'அழியாத அழகு' என்று தலைப்பு. அந்தக் கால பிரிட்டிஷ் சினிமாவின் பெரிய கதாநாயகி என்பதால் ஐரிஸ் அம்மாவை லண்டனிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அழியாத அழகு என்றால் ஃபில்டர் எதற்கு என்று எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் நசீரிடம் கேட்டேன். காயல்பட்டினத்துக்காரர், என்னைவிட இளையவர்.

"அக்கா, வயசான மொகத்த அவ்வளவு பெருசா காட்டுனா கெஸ்ட்டுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். கிளையன்ட் சொல்லுதான். ஸ்மூத் போட்டு விடுங்க, கலாஸ், வேல முடிஞ்சுது."

2. முப்பத்தைந்தோடு நிறுத்து

விழாவில் காட்ட அவர் படங்களிலிருந்து தொகுத்த ஷோரீலை வெட்டியதும் நான்தான். அதற்காக அந்த அம்மாவின் படங்களையும் பேட்டிகளையும் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். துறைமுக ஊரில் சலவைக்காரம்மா ஒருவரின் மகள். தொப்பிக் கடையில் வேலைக்கு நின்றவரை ஸ்டூடியோக்காரர்கள் பார்த்து ஒப்பந்தம் போட்டார்கள். பெயரை மாற்றினார்கள். கன்னம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். "எனக்கு அப்போ பத்தொன்பது வயசு, வேண்டாம்னு சொல்லலாம்ங்கிறதே தெரியாது" என்று ஒரு பேட்டியில் சொல்கிறார். படத்துக்குப் படம் யாரையாவது காதலித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார். முப்பத்தைந்து தாண்டியதும் கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறிந்துவிட்டார்கள்.

மனுஷி நடிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். சின்னச் சின்ன ஊர்களில் நாடகம் போட்டு, அறுபது வயதில் சினிமாவுக்குத் திரும்பி வந்து, ஒரு அம்மா வேடம் செய்தார். விபத்தில் செத்துப்போன மகன் போட்டிருந்த கோட்டை ஆஸ்பத்திரியில் கையில் கொடுக்கிறார்கள். மடிக்கும்போது ஒரு பட்டன் தொங்குவதைப் பார்க்கிறார். "நேத்தே சொல்லியிருந்தா தைச்சிருப்பேனே" என்கிறார். அவ்வளவுதான் காட்சி. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து அழுதேன்.

அதைத்தான் கிளையன்ட் வெட்டச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதுக்குமேல் ஒரு ஷாட்கூட வேண்டாமாம்! ஒரு மனுஷியின் பாதி வாழ்க்கையைக் கத்தரித்துப் போடு என்று ஒரே வரியில் மெயில் வருகிறது. வெட்டினேன்.

3. சின்ன மானிட்டர்

ரிஹர்சலில் 'யார் அது?' என்று கேட்டுவிட்டு ஐரிஸ் அம்மா தோளில் கிடந்த சால்வையை எடுத்தார். அதைக் கோட்டாக நினைத்து மடித்துக்கொண்டே, அந்தப் பட்டன் காட்சியை நடித்துக் காட்டினார்.

பெரிய திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. வழவழப்பான பொம்மை ஒன்று சால்வை மடித்தது. சென்ட் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் ஆலிவர் கைதட்டி, "பியூட்டிஃபுல்!" என்றான். அவனும் லண்டன்காரன்தான், அந்த அம்மாவின் நடிப்பு தெரிந்திருக்க வேண்டியவன், அதுதான் கொடுமை.

"நான் செஞ்சத யாராவது பார்த்தீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

என் மேசையில் சின்ன மானிட்டர் ஒன்று உண்டு. ஃபில்டருக்கு முன்னால், கேமராவிலிருந்து நேரே வரும் படம் அதில் தெரியும். இல்லாத கோட்டுப் பட்டனைத் தொட்டதும் அவருடைய கீழுதடு லேசாக நடுங்கியதையும், அதை அடக்க மோவாய் சுருங்கியதையும் அதில் பார்த்தேன். அதையெல்லாம் சுருக்கம் என்று நினைத்து ஃபில்டர் துடைத்துப் போட்டிருந்தது.

எழுந்து நின்று, "நான் பார்த்தேன் மேடம். சின்னதுல தெரிஞ்சுது" என்றேன்.

அவர் ஆலிவர் பக்கம் திரும்பினார். "அன்னிக்குப் பல்லைப் பிடுங்கினாங்க, சும்மா இருந்தேன். இது அறுபது வருஷமா நான் வேலை பார்க்கிற முகம். அதை எடுத்துட்டா நான் எதை வச்சு நடிக்கிறது? ஃபில்டர் இல்லாம காட்டுங்க, இல்லேன்னா விளக்கை அணைச்சிடுங்க, இருட்டுல பேசுறேன்."

ஆலிவர் சிரித்துக்கொண்டே சரி என்றான். கிளையன்ட்களிடம் அந்தச் சிரிப்பை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். சரி என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

4. ஹெட்செட்

அன்று மாலை விழாவில் ஃபில்டரை அணைத்தே வைத்திருந்தேன். ஐரிஸ் அம்மா சால்வையை எடுத்ததுமே என் ஹெட்செட்டில் ஆலிவர் குரல் வந்தது. "ஃபில்டர் ஆன்! ஆன் பண்ணு!"

பக்கத்தில் நின்ற நசீருக்கு வேர்த்துவிட்டது. "அக்கா, ஒங்க கால்ல விழுதேன், போட்டு விடுங்க. காண்ட்ராக்ட் போயிரும்."

"நீ வேணும்னா போடு தம்பி. நான் மாட்டேன்."

நசீர் ஃபில்டர் பட்டனைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டு கிடந்தது.

சுவர் முழுக்க அந்த அம்மாவின் முகம், இருந்தபடியே. உதடு நடுங்கியது. தட்டில் ஜூஸ் கொண்டுபோன சர்வர் பையன்கள்கூட நடு வழியில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மறுநாள் நசீர் போன் செய்தார். "நீங்க செஞ்சதுதான் சரிக்கா. ஆனா அந்த கம்பெனி ஜாப்ல இனி ஒங்க பேரு மாஃபி, கெடையாது."

அதுகூடப் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து அந்தக் காட்சியைக் கம்பெனி தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டது. யாரையோ வைத்து முகத்தை மறுபடியும் மெழுகி இருந்தார்கள். பட்டன் வசனம் இருக்கிறது, குரல் இருக்கிறது, முகத்தைக் காணோம். கீழே 'எவ்வளவு அழகு' என்று கமென்ட்டுகள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேமராவிலிருந்து நேரே வரும் படத்துக்கு ஒரு மானிட்டரைக் கேட்டு வாங்குங்கள், கண்ணெதிரே வையுங்கள். இடமில்லை என்பார்கள், விடாதீர்கள். மேடையில் நிற்கிறவர் "யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்கும்போது, பார்த்தேன் என்று சொல்ல அந்த ஹாலில் ஒரு ஆளாவது இருக்க வேண்டும்.