வழி மறித்த வேல்

முருகனை நம்பும் எல்லோருக்கும் வணக்கம். பக்தி முற்றிப்போய் நானே என்னைச் சிக்கவைத்துக்கொண்ட கதை இது. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு, மீதியையும் கேளுங்கள்.

எனக்கு இடது மார்பில் புற்றுநோய். நல்லபடியாக முடிந்தால் பழனிக்கு வந்து அலகு குத்திக்கொள்கிறேன் என்று வேண்டியிருந்தேன். அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்தது. ஆனால் விசா இழுபறியில் இருக்கும்போது ஊருக்குப் போனால் திரும்ப முடியுமோ என்று பயம். அதனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அலகுக்குப் பதிலாக இங்கே அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவிலேயே ஒரு டாட்டூ கடையில் வலது தோளிலிருந்து முழங்கை வரை வேலைப் பச்சை குத்திக்கொண்டேன். சின்னதாகப் போட்டால் போதாதா என்றார் என் கணவர். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். என் நோய் திரும்பி வரக்கூடிய வகை. வராமல் தடுக்க ஒரு டிஎன்ஏ தடுப்பூசி பரிசோதனையில் இருக்கிறது, சேருகிறாயா என்றார். புற்றுநோய்ச் செல்லின் அடையாளத்தை டிஎன்ஏவாகத் தசைக்குள் செலுத்துவார்களாம். அதை வைத்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரியைத் தெரிந்துகொள்ளுமாம். மருந்து செல்லுக்குள் நுழைய, ஊசி போட்ட இடத்திலேயே மின் அதிர்வும் கொடுப்பார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சேரப் போன அன்று நர்ஸ் என் சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தார். பச்சை குத்திய இடத்தில் அந்த அதிர்வு கொடுக்கக் கூடாதாம். இடது அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்ததால் அந்தக் கையிலும் போட முடியாது. மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்களைச் சொல்லி மாளாது. எனக்கென்று இருந்தது அந்த ஒரு வழிதான். ஆள் சேர்ப்பதையும் சீக்கிரம் முடிக்கப்போகிறார்கள். குளிக்கும்போதுகூட வலது கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் பூஜை அறை என்பது துணி வைக்கும் சின்ன அறைதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மனப்பாடமான கவசம்கூட வாயில் வரவில்லை. சண்டைதான் வந்தது.

"உனக்காகத்தான குத்துனேன். நீயே வழிய மறிச்சுட்டு நின்னா நான் எங்க போவேன்? நகரு சாமி."

அந்த வாரமே நர்ஸ் போன் செய்தார். தொடைத் தசையிலும் போடலாமாம். பரிசோதனையின் விதிகளில் அது முதலிலிருந்தே இருக்கிறதாம். எப்போதும் தோளில் போட்டே பழகியதால் அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

"ஏனுங்க, வழி விட்டுட்டாரு" என்று கணவரிடம் சொன்னேன். நான் சண்டை போடுவதற்கு முன்பே வழி இருந்திருக்கிறது. முருகன் போட்டு வைத்த வழி என்றுதான் நம்புகிறேன்.

தொடையில் ஊசி போட்டுக்கொண்டேன். இதுவரை ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. தடுப்பூசியாலா, முந்தைய சிகிச்சையாலா என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னாலும் அந்தச் சின்ன அறைக்குள் போய்விடுகிறேன். முன்பெல்லாம் இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்று அவனிடம் பேரம் பேசுவேன். இப்போது மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுகிறேன்.

உங்களில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டு தவித்தால், சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். அவனிடமும் மறைக்காதீர்கள். கோபம் வந்தால் கோபமாகவே பேசுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.