கை போட்ட கோடு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிரைண்டிங் மெஷினில் வீல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஏழுமலை போன் செய்தான். எடுத்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. "இன்னாடா, காலங்காத்தால பொண்டாட்டி அடிச்சிட்டாளா?" என்றேன். என் வாய் அப்படிப்பட்டது. அவன், "மச்சான், நம்ம சிஸ்டர் பூட்டாங்கடா" என்றான்.

எந்த சிஸ்டர் என்று நான் கேட்கவில்லை. இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரே சிஸ்டர்தான், கண் கிளினிக் ஞானசௌந்தரி சிஸ்டர். குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. "அவங்க இல்லாங்காட்டி என் கண்ணு இன்னா ஆயிருக்கும்? அவங்களும் நீயும்தானேடா காப்பாத்துனீங்க" என்று ஏழுமலை அழுதான். அந்த 'நீயும்' காதில் விழுந்ததும் வீலைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க மெஷின் பக்கம் போகவில்லை. பட்டறை வாசலுக்கும் டீக்கடைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இப்போதும் நாலு வரிக்கு ஒரு முறை எழுந்து போய்விட்டுத்தான் வந்து எழுதுகிறேன்.

நினைவுக் கூட்டத்துக்காக கிளினிக்கில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு பக்கம். டாக்டரம்மா என்னையும் எழுதச் சொன்னார். நான் ஆறாவதோடு நின்றவன். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், மற்றதில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சிஸ்டர் உண்மையில் நர்ஸ் இல்லை, கண் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் யாராக இருந்தாலும் எங்களுக்கு சிஸ்டர்தான். அவர் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி டேங்க் பேக்டரிக்கு வேலைக்கு வந்தவர். சிஸ்டர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் குவாட்டர்ஸில்தான், ஆனால் பேச்சு மட்டும் ஊரை விட்டுக் கிளம்பவே இல்லை. "வாரியளா, போறியளா" என்பார். "இன்னா சிஸ்டர், இத்தினி வருசமா கீறீங்க, இன்னும் மெட்ராஸ் பாஷை வரலையே" என்று கிண்டல் செய்வேன். "உங்க பாஷைய நீங்களே வச்சிக்கிடுங்க, எனக்கு உங்க கண்ணு போதும்" என்பார்.

நான் முதன்முதலில் போனது கண்ணில் இரும்புத் தூள் விழுந்துதான். வேறு எதற்குப் போவோம்? சிஸ்டர் ஒரு மெல்லிய காகிதப் பட்டையை எடுத்தார். நுனியில் மட்டும் ஆரஞ்சு நிறம். அதில் ஒரு சொட்டு மருந்துத் தண்ணீர் விட்டு, என் கீழ் இமைக்குள் லேசாகத் தொட்டார். கண்ணைச் சிமிட்டச் சொல்லி, மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தைப் போட்டார். கருவிழியில் அடிபட்ட இடம் இருந்தால் அந்தச் சாயம் அங்கே ஒட்டிக்கொண்டு பச்சையாக மின்னுமாம். "நல்ல இடத்துல நிக்காது, அடிபட்ட இடத்துலதான் ஒட்டும்" என்றார். கல்யாண வீட்டுக் கேசரிக்குப் போடும் பவுடர் மாதிரி இருக்கிறதே என்று சொன்னேன். அன்றிலிருந்து அவருக்குக் கேசரி சிஸ்டர் என்று பெயர் வைத்தது நான்தான். இந்தப் புத்தகத்தில் வேறு யாராவது தாங்கள் வைத்ததாக எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

அன்று வீட்டுக்குப் போனால் கண்ணில் மஞ்சள் தண்ணீர், மூக்கில் மஞ்சள் தண்ணீர், கர்சீப் முழுக்க மஞ்சள். என் மனைவி கர்சீப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்த மாமன் பொண்ணு மஞ்சத்தண்ணி ஊத்துனா?" என்று கேட்டாள். மறுநாள் அவளையே கிளினிக்குக் கூட்டிப்போய் சிஸ்டரைச் சாட்சி சொல்ல வைக்க வேண்டியதாயிற்று. சிஸ்டர் சிரித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆனது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது, உங்களுக்கும் தெரியும். கண்ணில் தூள் விழுந்தால் முதலில் கிளினிக்குப் போக மாட்டோம். அரை நாள் போய்விடும். பட்டறையிலேயே ஒருத்தன் எடுத்துவிடுவான். எங்கள் பட்டறையில் அந்த ஒருத்தன் நான். பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து, நகத்தால் நீவி, மூலையைக் கூராக்குவேன். ஆளை வெளிச்சத்தைப் பார்க்க உட்கார வைத்து, இமையை விரித்து, டிக்கெட் மூலையால் தட்டி எடுப்பேன். எடுத்ததும் அந்தக் கறுப்புப் புள்ளியை டிக்கெட்டோடு அவனிடம் காட்ட வேண்டும். காட்டினால்தான் வைத்தியம் முடிந்ததாக அர்த்தம். 'டிக்கெட் டாக்டர்' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். ஐந்து பட்டறை தள்ளியிருந்துகூட ஆள் வருவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஏழுமலை கண்ணில் தூள் விழுந்தது. நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் தேடினேன். கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தேடினேன். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா டாக்டரே, ஆபரேஷன் பெயிலா?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டிக்கெட்டைக் கொஞ்சம் அழுத்தி ஓட்டினேன். ஏழுமலை துள்ளினான். அப்போதும் ஒன்றும் வரவில்லை. அப்போது நான் ஒரு வேலை செய்தேன். என் கட்டைவிரல் நகத்தில் இருந்த கிரீஸ் அழுக்கை டிக்கெட் நுனியில் தொட்டு எடுத்து, "தோ பார், வந்துட்சி" என்று காட்டினேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். "கண்ணு உறுத்துதேடா" என்று ஏழுமலை சொன்னான். எடுத்த இடம் அப்படித்தான் இருக்கும், போய்த் தூங்கு என்றேன். நம்பிப் போனான்.

மறுநாள் காலை அவன் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. நான்தான் பைக்கில் கிளினிக்குக் கூட்டிப்போனேன். சிஸ்டர் ஆரஞ்சுப் பட்டையைத் தொட்டு, நீல வெளிச்சத்தைப் போட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேல் இமையைப் புரட்டி, அடியில் ஒளிந்திருந்த தூளைப் பஞ்சுக் குச்சியால் எடுத்தார். திரும்பவும் பார்த்தார். யார் முதலில் எடுத்தது என்று கேட்டார். "இவன்தான் சிஸ்டர். ஒண்ணு எடுத்துட்டான், இது ரெண்டாவது போல" என்று ஏழுமலை பெருமையாகச் சொன்னான். சிஸ்டர் என்னைப் பார்த்தார். "இங்க வாங்கண்ணே. நீங்களும் பாருங்க" என்று தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்.

அந்த மெஷினுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான். ஏழுமலையின் கருவிழி தட்டு மாதிரி பெரிதாகத் தெரிந்தது. மேல் பாதியில் பூனை பிறாண்டியது போல மேலும் கீழுமாக மெல்லிய பச்சைக் கோடுகள். நடுவில், குறுக்கே, தடியாக ஒரு பச்சைக் கோடு. அதன் ஓரம் வெளுத்திருந்தது.

ஏழுமலையை டாக்டரம்மா அறைக்கு அனுப்பிவிட்டு சிஸ்டர் மெதுவாகப் பேசினார். "இமைக்கு அடியில தூசி கெடந்தா, கண்ணு சிமிட்டும்போதெல்லாம் மேலயும் கீழயும் கோடு போடும். தூசிக்குக் குறுக்க போகத் தெரியாதுண்ணே. இது கை போட்ட கோடு. இதுலதான் சீழ் பிடிக்குது."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீங்க பொய் சொல்லுவிய. சாயம் சொல்லாது" என்றார்.

டிக்கெட்டில் காட்டிய அழுக்கைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அன்று மதியமே ஏழுமலையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மணிக்கு ஒரு சொட்டு என்று இரண்டு வாரம் மருந்து விட்டார்கள். கண் தங்கியது, ஆனால் கருவிழியில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. கிரைண்டிங் வேலை போய், அதே பட்டறையில் ஸ்டோருக்கு மாறினான். அவன் வீட்டில் கேட்டதற்கெல்லாம், "அன்னிக்கு இவன் ஒண்ணை எடுக்காம வுட்டிருந்தா முழுக் கண்ணும் பூட்டிருக்கும்" என்றான். ஆறு வருடமாக எல்லோரிடமும் அதையே சொன்னான். ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு என் நெற்றியிலும் வைப்பான்.

அந்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் எங்கள் பட்டறைக்கு வந்தார். டிக்கெட் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூள் தெறிக்காமலிருக்கப் போடும், ஆணியில் தொங்கிய எங்கள் கீறல் விழுந்த பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நேராக நடந்து, ஓனர் மேஜையில் இடித்துக்கொண்டு நின்றார். "இதப் போட்டா எனக்கே ஒண்ணும் தெரியல. இவுக எப்படிப் போட்டுக்கிட்டு வேல பாப்பாக?" என்றார். அடுத்த வாரமே எல்லோருக்கும் புதுக் கண்ணாடி வந்தது. பக்கத்துப் பட்டறைகளிலும் அவர் அப்படிப் போய் இடித்துக்கொண்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

போகும்போது என்னிடம் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே பிரிக்காத ஆரஞ்சுப் பட்டை, தேதி முடிந்தது. "கண்ணுல வைக்க இல்ல. பர்ஸுல வையுங்க. டிக்கெட்ட மடிக்கத் தோணும்போது இது கையில தட்டுப்படட்டும்" என்றார். பிறகு, "ஏழுமலை அண்ணன்ட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் யார் கண்ணையும் தொடவில்லை. தூள் விழுந்தவனை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளினிக்குக் கிளம்பிவிடுவேன். டிக்கெட் டாக்டர் ஆம்புலன்ஸ் ஆகிட்டான் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு முறையும் சிஸ்டர் வந்தவன் கண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்பார்: "சொல்லிட்டியளா?"

அவன் பெண் கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. மழை நிற்கட்டும் என்றேன். நின்றது. "சொன்னா அவன் என்னை ஏரியில தள்ளிடுவான் சிஸ்டர், எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். அதற்கு மட்டும் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

கடைசியாகப் பார்த்தது அவர் போவதற்கு மூன்று வாரம் முன்னால். எனக்கே கண் உறுத்தியது. சாயம் தொட்டுப் பார்த்து, "எங்கயும் ஒட்டல. சுத்தமா இருக்கு" என்றார். நீல வெளிச்சத்தை அணைக்காமலே, "சொல்லிட்டியளா?" என்றார். தாடை மெஷினில் இருந்ததால் தலையைத் திருப்ப முடியவில்லை. தீபாவளி கழியட்டும் என்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, "உங்களுக்குத் தேதி முடியாது பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு முடிந்துவிட்டது. அதன் பிறகு இந்த விஷயம் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த அன்றுதான் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இந்தப் புத்தகத்தில் படித்து அவன் தெரிந்துகொள்வதும் நியாயமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை அயனம்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். ஏரிப் பக்கம் நடந்துகொண்டே பேசலாம் என்று கூப்பிட்டேன். வந்தான்.

நடக்க ஆரம்பித்ததும் சொல்லிவிட்டேன். டிக்கெட், குறுக்குக் கோடு, நகத்து அழுக்கு, ஆறு வருடம், எல்லாம். கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை.

அவன் நின்றுவிட்டான். "எந்தக் கையி?" என்று கேட்டான்.

வலது கையை நீட்டினேன். பிடித்து, தன் நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் கையை விட்டான்.

"இன்னிக்கு போ. நான் கூப்டற அன்னிக்கு வா."

இதை இந்தப் புத்தகத்தில் எழுதப் போகிறேன் என்றேன். "எழுது" என்றான். திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தான். இதை எழுதும் வரைக்கும் கூப்பிடவில்லை. ஸ்டோரில் எதிரே பார்த்தாலும் கேட்ட சாமானை எடுத்து வைக்கிறான், பேசுவதில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன்.

சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, பர்ஸில் அந்த உறை. ஓரம் தேய்ந்துவிட்டது, இன்னும் பிரிக்கவில்லை. இன்னொன்று அந்தக் கேள்வி. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அது நிற்கவில்லை. கிளினிக் பக்கம் பைக்கில் போகும்போது தானாகக் கேட்கிறது.

சொல்லிட்டேன் சிஸ்டர். சொன்னால் உறுத்தல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அடிபட்ட இடத்தில்தான் ஒட்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். ஒட்டியிருக்கிறது. அவன் கூப்பிடுகிற அன்றைக்குப் போவேன்.